நாலு விரல் உயரம்

“ஒரு படி இல்லீங்க. சொன்னா நம்ப மாட்டீங்க, ஒரே ஒரு படி கூட இல்ல” என்றாள் முத்தம்மாள் போனில்.

மகள் கல்பனா வீட்டிலிருந்து பேசிய மனைவியின் குரலில் அவ்வளவு சந்தோஷத்தைக் கேட்டதும் தணிகைவேல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“எங்க படி இல்ல?”

“இங்கதான், கல்பனா அபார்ட்மெண்ட்ட சுத்தி. தரை தோசக்கல்லு மாதிரி கீது. வாக்கரத் தள்ளினா அது பாட்டுக்குப் போவுது. காலைல ஆறு ரவுண்டு, சாயங்காலம் ஆறு ரவுண்டு. ஏஞ்சல்னு ஒரு டீச்சரம்மா இருக்காங்க. அவங்களும் நானும் பேசிக்கினே நடக்கிறோம்.”

“நடந்தது போதும். மூணு மாசம் ஆச்சு. எப்ப ஊட்டுக்கு வர்றே?”

திருநின்றவூரைக் கடந்து போகும் மின்சார ரயிலின் சத்தம் போனில் கேட்டது. அது போய் முடியட்டும் என்று காத்திருந்தவள் போல முத்தம்மாள் சொன்னாள்:

“நான் வர்லீங்க.”

“வர்லன்னா?”

“வர்லன்னா வர்ல. அந்தத் தெருவுல வந்து நான் இன்னா பண்றது? வாசலாண்ட கூட வர முடியாது.”

“அட, ஆட்டோவ நேரா வாசல்லயே நிறுத்தச் சொல்றேன். நாலு பேரு சேர்ல வெச்சு அப்படியே உள்ள தூக்கி வெச்சிடறோம்.”

“தூக்கி உள்ள வெச்சிட்டு? மறுபடி எப்ப வெளிய எடுப்பீங்க? நான் இன்னா கொலு பொம்மையா?”

“அப்படி இல்ல முத்தம்மா...” என்று தணிகைவேல் ஆரம்பித்தார்.

“கேட்டுக்குங்க. நான் தெரு முனைல எறங்குவேன். அங்கேர்ந்து ஊடு வரைக்கும் நடபாதை மேல என் காலால நடந்து வருவேன். ரோட்டுல எறங்க மாட்டேன், பைக்குக்காரன் இடிச்சுட்டுப் போவான். நடுவுல எங்கியாச்சும் வாக்கர் மாட்டிக்கினா, அப்படியே திரும்பி ஆட்டோ ஏறிடுவேன். எக்சர்சைஸ் சொல்லித் தர்ற பொண்ணு கண்டிசனா சொல்லிக்கிறா. நாலு விரலுக்கு மேல ஏறவும் கூடாது, எறங்கவும் கூடாதாம்.”

நாலு விரல் என்ற அளவைக் கேட்டதும் தணிகைவேல் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினார். காரணம் இருந்தது.

திருவள்ளூரில் கோயில் குளத்துக்குப் போகிற பழைய தெரு ஒன்றில்தான் அவர் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு. அமாவாசைக்கு அமாவாசை தெரு கொள்ளாத கூட்டம் வரும். குளத்தில் கரைக்க வெல்லம், காணிக்கைக்கு உப்பு மிளகுப் பொட்டலம், உண்டியலில் போட உரு எல்லாம் அவரிடம் கிடைக்கும். உரு என்றால் மெல்லிய தகட்டில் அச்சடித்த உறுப்பு. கண் வலிக்காரர் கண் வாங்குவார், கை வலிக்காரர் கை வாங்குவார். கண் ஓரளவு போகும், வயிறு சுமாராகப் போகும். கால் மட்டும் கடையில் தங்கவே தங்காது. ஏனென்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். அந்த நடைபாதையில் நடந்து கால் சுளுக்காமல் அவர் கடைக்கு வந்து சேர முடியாது.

முனையிலிருந்து மொத்தம் ஐந்து வாசல். முதலில் பானுவின் தையல் கடை, அடுத்து விஜயகுமாரின் செல்போன் கடை, அப்புறம் ஒரு பூட்டிய வீடு, அதையடுத்து நாகமுத்துவின் பாத்திரக்கடை, கடைசியில் தணிகைவேல். வாசல்களுக்கு முன்னால் மழைநீர்க் கால்வாய், அதை மூடிய பலகைதான் நடைபாதை. ஒரு காலத்தில் அது சமமாகத்தான் இருந்தது.

பிறகு ஒரு ஐப்பசி மழையில் தணிகைவேலின் கடைக்குள் தண்ணீர் எட்டிப் பார்த்தது. எட்டித்தான் பார்த்தது, உள்ளே வரவில்லை. ஆனாலும் அவர் தானியேல் மேஸ்திரியைக் கூப்பிட்டு, வாசலையும் கடைத் தரையையும் நாலு விரல் உயர்த்தச் சொன்னார். அவரிடம் வராத தண்ணீர் அடுத்த மழைக்கு நாகமுத்துவிடம் போனது. நாகமுத்து எட்டு விரல் உயர்த்தினார். தணிகைவேல் பன்னிரண்டு. இப்படியே மழைக்கு மழை ஏறிக்கொண்டே போனது. ‘நாம மட்டும் இன்னா இளிச்சவாயா’ என்று பானுவும் விஜயகுமாரும் சேர்ந்துகொண்டார்கள். பூட்டிய வீட்டுக்காரர் வள்ளூரில் மின்நிலைய வேலைக்குப் போனவர், திரும்பியே பார்க்கவில்லை. அதனால் அவர் வாசல் மட்டும் இரண்டு மலைக்கு நடுவே பள்ளத்தாக்காகக் கிடந்தது. மழை பெய்தால் அங்கே தண்ணீர் தேங்கும். விஜயகுமார் அதற்குச் சின்னக் குளம் என்று பெயர் வைத்திருந்தான்.

மனிதர்கள் ரோட்டில் நடந்தார்கள். நடைபாதையில் நாய்கள் மட்டும் நடந்தன. அவையும் நாகமுத்து கடை வந்ததும் ரோட்டில் இறங்கிக்கொண்டன.

ஆனி மாதத்து மழையில் முத்தம்மாள் பால் பாக்கெட் வாங்கப் போனவள் வேறெங்கும் விழவில்லை, சொந்தக் கடை வாசலில்தான் விழுந்தாள். தொடை எலும்பு முறிந்தது. தணிகைவேல் கடையில் இருந்ததிலேயே கனமான கால் உருவை எடுத்து உண்டியலில் போட்டுவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பெருமையாகச் சொன்னார். கட்டிலில் படுத்திருந்த முத்தம்மாள், “அந்தக் கைல ஒரு சுத்தியல எடுத்துப் படிய ஒடச்சிருக்கலாம்” என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூன்று மாதமாக ஓட்டல் சாம்பார். காலையில் நாஷ்டா என்று ஏதோ ஒன்றைத் தின்பார். கண்ணாடிப் பெட்டியைத் துடைக்கும்போது, “அங்க ஓரத்துல அழுக்கு” என்று சொல்ல ஆள் இல்லை. ஓரத்து அழுக்கு அப்படியே இருந்தது.

மறுநாள் பதினோரு மணிக்கு, மருந்துக்கடையில் ஒரு வாக்கரை இரவல் வாங்கிக்கொண்டு தெரு முனையில் போய் நின்றார். அவள் நடக்க முடியுமா என்று தானே நடந்து பார்த்துவிடுவது என்று முடிவு.

“ஐயோ ண்ணா!” என்று பானு கத்தரிக்கோலோடு ஓடி வந்தாள். “உங்களுக்கும் காலா?”

“என் காலு நல்லாத்தாம்மா கீது.”

“மொதல்ல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க.”

விஜயகுமார் கடைக்குள்ளிருந்து தலையை நீட்டினான். “பெரியப்பா, உரு போட்டீங்களா? உங்களுக்கு ஓல்சேல் ரேட்டாச்சே!”

“போடா டேய்.”

பானுவின் வாசலில் ஏறும்போதே மூச்சு வாங்கியது. விஜயகுமாரின் வாசலிலிருந்து இறங்கும்போது வாக்கரின் முன்கால்கள் பள்ளத்துக்குப் போய்விட்டன, தணிகைவேல் மேலேயே நின்றார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அப்படியே வளைந்து நின்றார்கள். பானு வந்து வேட்டியைப் பிடித்து இழுத்ததில் விழாமல் தப்பினார். பூட்டிய வீட்டுக்கு முன்னால் மட்டும் வாக்கர் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. அடுத்து நாகமுத்துவின் மேடு. இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்தார்.

நாகமுத்துவும் அவரும் பேசி நாலு வருடம் ஆகிறது. நாகமுத்து பாத்திரங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்திலிருந்த பித்தளை அண்டாவைப் பார்த்துச் சொன்னார்:

“வயசானா சில பேருக்கு புத்தி போவும்னு பார்த்தேன். காலும் போயிடுச்சு போல.”

தணிகைவேல் குனிந்து வாக்கரிடம் சொன்னார்: “அந்த அண்டாகிட்ட சொல்லு. என் ஊட்டுக்காரி நடந்து வரணும். மேட்ட எறக்கணும்னு சொல்லு.”

நாகமுத்து அண்டாவைத் தட்டினார். “மொத நாலு விரலு எவன் ஏத்தினானோ அவன் மொதல்ல எறக்கட்டும்னு சொல்லு.”

“நான் எறக்கினா அவரு மேட்டுத் தண்ணியெல்லாம் என் கடைக்குத்தானே வரும்? அவர மொதல்ல எறக்கச் சொல்லு.”

“அதானே பார்த்தேன்! அண்டா, கேட்டியா கதைய?”

வெண்கல விளக்கு வாங்க வந்திருந்த அம்மாள், அண்டாவையும் வாக்கரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, விளக்கை மெல்லக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

சாயங்காலம் தானியேல் மேஸ்திரி வந்தார். மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய நீளமான பிளாஸ்டிக் குழாயைத் தோளில் மாலை போலப் போட்டிருந்தார்.

“அண்ணாத்தே, இந்தத் தெருவுல ஒவ்வொரு நாலு விரலும் நான் போட்டதுதான். ஒவ்வொருத்தரா தனியா வந்து, ‘யாருக்கும் சொல்லாத மேஸ்திரி, பக்கத்து ஊட்ட விட நாலு விரலு’ன்னீங்க. நானும் யாருக்கும் சொல்லல. என் பொண்ணு காலேஜ் முடிச்சதே உங்க விரல்லதான்.”

“அதெல்லாம் இருக்கட்டும்யா. எறக்கினா தண்ணி உள்ள வருமா வராதா?”

மேஸ்திரி குழாயின் ஒரு முனையைத் தணிகைவேல் கையில் கொடுத்துக் கடை வாசலில் நிற்க வைத்தார். மறுமுனையைத் தெரு நடுவில் பிடித்து, தண்ணீர் மட்டம் ஆடி நிற்கும்வரை காத்திருந்தார்.

“பாருங்க. உங்க கடைத் தரைக்குத் தண்ணி ஏறணும்னா பூண்டி ஏரி இங்க வரணும். வாசல்ல நிக்கிற தண்ணி இன்னாத்துனாலன்னு நெனச்சீங்க? அடில கால்வா அடச்சிக்கினு கீது. அள்ளலாம்னா பலகையத் தூக்க முடியாது. எல்லாத்து மேலயும் சிமெண்ட்டக் கொட்டி வெச்சிக்கிறீங்க.”

“நீதானேயா கொட்டினே?”

“நீங்கதானே கொட்டச் சொன்னீங்க?”

தணிகைவேல் இரவு முழுக்க இதே யோசனையாக இருந்தார் என்று சொல்ல முடியாது. ஒன்பது மணிக்குத் தூங்கிவிட்டார். ஆனால் காலையில் ஓட்டல் இட்லியை ஒரு வாய் வைத்ததும் முடிவு வந்துவிட்டது. தானியேலுக்குப் போன் போட்டார். “உடைச்சிடுயா.”

தானியேலின் மைத்துனன் மணிகண்டன் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறவன். அவன் எங்கோ சொல்லி, உடைக்கும் மெஷின் ஒன்றை ஏற்பாடு செய்து கொடுத்தான். மத்தியானத்துக்குள் தணிகைவேலின் மேடு தூளானது. அடியில் பழைய கருங்கல் பலகைகள், பூட்டிய வீட்டு வாசலில் இருப்பது போலவே, நடந்து நடந்து வழவழப்பானவை. தணிகைவேல் செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் நின்று பார்த்தார். தூசி படாமல் இருக்கட்டும் என்று கடைச் சாமான்கள் சிலவற்றை வெளியே எடுத்து வைத்திருந்தார். அதில் கால் உரு வைத்த பிளாஸ்டிக் டப்பாவும் ஒன்று.

நாலரை மணிக்குப் புரட்டாசி மழை கொட்டியது.

நாகமுத்துவின் மேட்டிலிருந்து இறங்கிய தண்ணீர் நேராகத் தணிகைவேலின் வாசலுக்கு வந்து, நின்று, நிரம்பி, ரோட்டுக்கு வழிந்தது. கடைக்குள் ஒரு சொட்டும் வரவில்லை. ஆனால் கால் டப்பா கிளம்பிவிட்டது.

“ஏய், ஏய்!” என்று தணிகைவேல் கடையிலிருந்து ஒரே தாவாகத் தாவி இறங்கினார். அதற்குள் டப்பா ரோட்டுச் சரிவில் ஒரு சுற்று சுற்றி, நாகமுத்து கடை மேட்டில் மோதித் திறந்துகொண்டது. பதினேழு கால்களும் மேட்டின் அடிவாரத்தில் வரிசையாக ஒதுங்கின.

நாகமுத்து எட்டிப் பார்த்தார். சாமிக்குப் போக வேண்டிய உரு, தன் வாசலில், போகிற வருகிறவர் மிதிக்கிற இடத்தில். அவர் பக்திமான். பதறிக்கொண்டு இறங்கினார். பாசி பிடித்த சரிவு அவரைப் பாதி வழியிலேயே உட்கார வைத்து, மீதிப் பாதியை இழுத்துக்கொண்டு வந்து, கால்களுக்கு நடுவே தண்ணீரில் சேர்த்தது.

யாரும் சிரிக்கவில்லை. விஜயகுமார் மட்டும் கடைக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தான்.

நாகமுத்து சுற்றிலும் அண்டாவைத் தேடினார். அது மேலே இருந்தது. வேறு வழியில்லை.

“யோவ் தணிகை, கை குடுயா.”

தணிகைவேல் கை கொடுத்துத் தூக்கினார். “அடி ஒண்ணும் படலியே?”

“அடி கெடக்குது. பதினேழு காலுயா! ஒண்ணு ரெண்டு இல்ல, பதினேழு காலு என் வாசல்ல வந்து நின்னுச்சு. பெருமாளு இதுக்கு மேல எப்பிடிச் சொல்லுவாரு?”

கால்வாய் அடைத்திருப்பதால்தான் தண்ணீர் அப்படி ஓடியது என்று தணிகைவேலின் நுனிநாக்கு வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டார்.

“மேஸ்திரியக் கூப்புடு. நாளைக்கே ஒடச்சிடலாம்” என்றார் நாகமுத்து, வேட்டியைப் பிழிந்துகொண்டே. “உன் சம்சாரத்துக்காக இல்ல. அப்புறம் பேச்சு வரக் கூடாது. பெருமாளுக்காக.”

“யாருக்காகன்னா இன்னா, ஒட.”

பானு கேட்கும் முன்பே சம்மதித்துவிட்டாள். “நானே சொல்லலாம்னு இருந்தேன் ண்ணா. ஏறி வந்து மூச்சு வாங்குறப்ப அளவெடுக்கிறேனா, மூச்சு எறங்கினதும் ஜாக்கெட்டு தொளதொளன்னு ஆயிடுது. இதே பேஜாரு. அல்லாரும் என் கைதான் செரியில்லன்றாங்க.” விஜயகுமார், “எல்லாரும் எறக்கினா நான் மட்டும் மேல நின்னு இன்னா கொடியா ஏத்தப் போறேன்?” என்றான்.

மூன்று நாள் தெருவே தூசியாகக் கிடந்தது. கால்வாயைத் திறந்ததில் நாகமுத்துவின் சட்டி மூடிகள் ஒரு கோணி நிறையக் கிடைத்தன. கருங்கல் பலகைகள் முனையிலிருந்து கடைசி வரை ஒரே மட்டமாக வெளியே வந்தன. தானியேல் குழாயைப் பிடித்துப் பிடித்துப் பார்த்து, அசைந்த கற்களை ஒழுங்காக உட்கார வைத்தார். இரவல் வாக்கரோடு தணிகைவேல் எட்டு தடவை நடந்தார். ஒன்பதாவது தடவை நாகமுத்து நடந்தார். “எனக்கே ஒண்ணு வாங்கலாம் போல கீதுயா” என்றார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆட்டோ முனையில் வந்து நின்றது. முதலில் கல்பனா இறங்கி வாக்கரை விரித்து வைத்தாள். பிறகு முத்தம்மாள். மூன்று மாதத்தில் கன்னம் கொஞ்சம் பூசியிருந்தது. ஆட்டோக்காரரிடம், “நீ போவாத தம்பி, இரு. திரும்பிப் போற மாதிரி இருக்கும்” என்று சொன்னாள்.

அதைக் கேட்டதும் தணிகைவேல் வழிகாட்ட வாக்கருக்கு முன்னால் ஓடினார்.

“நைனா, நீங்க முன்னால போவாதீங்க. அம்மா பாட்டுக்கு வரட்டும்” என்றாள் கல்பனா.

டக் என்று வாக்கர் கல்லில் ஊன்றியது. ஒரு அடி. டக். இன்னொரு அடி. பானு மெஷினை நிறுத்தினாள். விஜயகுமார் பாட்டை நிறுத்தினான். ரோட்டில் போன பைக்குக்காரன் ஒருவன் கூட, எதற்கென்று தெரியாமலே ஆரனை நிறுத்தினான்.

“நல்லா கீதா அக்கா?” என்றாள் பானு.

“பேசாத, நான் எண்ணிக்கினு வர்றேன்.”

விஜயகுமார் கடை தாண்டியது. பூட்டிய வீடு தாண்டியது. நாகமுத்து, வாடிக்கையாளரை எழுந்து நின்று வரவேற்கிறவர் போல நின்றார்.

“வா தங்கச்சி. பாத்து.”

“இன்னாண்ணே, எங்க ஊட்டுக்காரர்கிட்ட பேசறீங்களாமே?”

“பேசறேன்மா. அண்டாவத்தான் வித்துட்டேன்.”

கடைசி இருபது அடி. டக், டக், டக். வாக்கர் ஒரு இடத்திலும் மாட்டவில்லை. முத்தம்மாள் தன் கடைக்கு நேரே வந்து, நின்று, வீட்டுக்குள் போகத் திரும்பினாள்.

அப்படியே நின்றாள்.

தணிகைவேலும் பார்த்தார். நாகமுத்துவும் பார்த்தார். வாசலை ஏற்றிய ஒவ்வொரு தடவையும் கடைத் தரையையும் சேர்த்து ஏற்றியிருந்தார்கள் அல்லவா? வாசல் இறங்கிவிட்டது. தரை இறங்கவில்லை. கடை முழங்கால் உயரத்தில், மேடை போட்ட மாதிரி, தனியாக நின்றது. மூன்று நாளாக எல்லோரும் வேலை மும்முரத்தில் தாவித் தாவியே போய் வந்திருக்கிறார்கள். பானு முக்காலி போட்டு ஏறியிருக்கிறாள். ஒருவருக்கும் தோன்றவில்லை.

நாகமுத்து மெல்லத் திரும்பித் தன் கடையைப் பார்த்தார். “அட ஆமா” என்றார்.

“யோவ் தானியேலு” என்றார் தணிகைவேல். வேடிக்கை பார்க்க வந்திருந்த மேஸ்திரி எட்டிப் பார்த்தார். “குழாய வெச்சிக்கினு மூணு நாளா இன்னாத்தயா பார்த்தே?”

“நடபாதையப் பாருன்னீங்க, பார்த்தேன். ஊட்டப் பாருன்னு சொல்லலியே அண்ணாத்தே?”

முத்தம்மாள் வாக்கரைத் தூக்கி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, வந்த திசைக்கே முழுவதும் திரும்பினாள். முனையில் ஆட்டோ உறுமிக்கொண்டு நின்றது. டக். டக்.

“முத்தம்மா! எங்க போறே? இரு முத்தம்மா! ஸ்டூல் போடறேன்! பலகை போடறேன்! சாயங்காலத்துக்குள்ள... முத்தம்மா, ஓட்டல் சாம்பார் இனிமே என்னால ஆவாது!”

அவள் நின்றாள். திரும்பாமலே சொன்னாள்:

“இன்னாத்துக்குக் கத்தறீங்க? ரவுண்டு போறேன்.”

“ரவுண்டா?”

“ஆறு ரவுண்டு போவணும்ல, காலைல? அங்க விட்டத இங்க போறேன். கல்பனா, ஆட்டோவ அனுப்பிடு. என் பைய பானு கடைல வையி.” அப்புறம்தான் முகத்தைத் திருப்பினாள். சிரிப்பை அடக்கியதில் கண்ணில் தண்ணீர் நின்றது. “நான் முடிக்கறதுக்குள்ள படி போடுங்க. வெளிய ஒரு விரல் கூட நீட்டக் கூடாது. கடைக்குள்ள வெட்டுங்க.”

“கடைக்குள்ள வெட்டினா கண்ணாடிப் பெட்டி வைக்க எடம் இருக்காதே! கால் உருவெல்லாம் எங்க வைக்கிறது?”

“இனிமே யாரு வாங்கப் போறா?” என்றுவிட்டு நடந்தாள். பானு கத்தரிக்கோலை வைத்துவிட்டு அவளோடு சேர்ந்துகொண்டாள். என்ன பேசினார்களோ, முனைவரைக்கும் சிரிப்புச் சத்தம் கேட்டது.

தானியேல் உளியைத் தேடி எடுத்தார். பாத்திரக்கடையிலிருந்து நாகமுத்து, “அப்படியே எனக்கும் ஒண்ணுயா” என்று குரல் கொடுத்தார்.

“ஒவ்வொரு படியும் எவ்ளோ ஒசரம் வைக்கட்டும், அண்ணாத்தே?”

தணிகைவேல் பழக்க தோஷத்தில் நாலு விரலை நீட்டினார். முனையிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்த முத்தம்மாள் அதைப் பார்த்துவிட்டாள். அவர் ஒரு விரலை மடக்கிக்கொண்டார்.